கொம்பு விரியாத கலைமான்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து "நானும் நிண்டனான்" என்று கதை அளக்கக் கூடாது. நான். என் மனைவியின் தமையன், அதாவது என் மச்சான். ஆறு மாதக் கர்ப்பிணியான அவருடைய மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். பண்ணைக்காரர். பண்ணைக்காரரின் மனைவி. மூன்று காலில் நடக்கும் ஒரு நாய். அவ்வளவுதான். தொழிற்சாலை ஃபோர்மன் அங்கே இல்லை. ஆனாலும் அந்த நாள் முழுக்க அவர் என் பிடரிக்குப் பின்னால் நின்று மூச்சு விடுவதுபோலவே எனக்கு இருந்தது. ஏனென்றால் பண்ணைக்காரர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஊரை விட்டு இந்த வெள்ளைக்கார நாட்டுக்கு வந்து, வில்லாவுட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை செய்துகொண்டிருந்தேன். மெரிலேண்ட்ஸில் மச்சான் எடுத்திருந்த வாடகை வீட்டில் எனக்கு ஒரு அறை. மனைவியும் மகளும் ஊரில். நான் புறப்படும்போது சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்த மகள், கடைசியாக வந்த படத்தில் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்றாள். அவர்களைக் கூப்பிடுவதற்கு எல்லாத் தாளும் சரி. ஒன்றுதான் குறை. இந்த ஆள் எங்களிடம் நிரந்தரமாக வேலை செய்கிறார் என்று தொழிற்சாலையிலிருந்து ஒரு கடிதம் வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடிதம், கையெழுத்து, முத்திரை என்றாலே எட்ட நிற்பேன். மூன்று மாதம் யோசித்து யோசித்துத்தான் ஃபோர்மனிடம் வாயைத் திறந்தேன். "ஈஸ்டர் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை எழுதித் தருகிறேன்" என்றார். அதோடு நான் என் பாட்டில் இருந்திருக்க வேண்டும். இருக்க விட்டால்தானே.

மச்சானும் அதே தொழிற்சாலைதான், பெயின்ற் அடிக்கிற பகுதி. ஃபோர்மனின் அண்ணனுக்கு கோல்பர்ன் தாண்டி ஒரு பண்ணை இருக்கிறது, அங்கே மான் புல்லு மேய வருகிறது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். அக்காவுக்கு அந்த நேரம் மான் இறைச்சி தின்ன ஆசை. வேறு எதை வைத்தாலும் ஓங்காளிப்பாள். மச்சானின் குடும்பம் முல்லைத்தீவுப் பக்கம் வயல் செய்த குடும்பம். துவக்கும் வேட்டையும் அவர்களுக்குப் பழக்கம். அவர் இரவும் பகலும் என்னை அரிக்கத் தொடங்கினார்.

"அந்தாள் உன்னோட நல்லம்தானே. ஒருக்காக் கேளன்."

"மச்சான், நான் ஏற்கனவே ஒண்டு கேட்டிருக்கிறன். அது கையில வரட்டும்."

"ரெண்டையும் சேத்துக் கேட்டா என்ன, வாய் தேஞ்சு போமே?"

கேட்டேன். ஃபோர்மன் சிரித்துக்கொண்டு அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்தார். சனிக்கிழமை வரட்டுமாம், துவக்கு அங்கேயே இருக்கிறதாம். எல்லாம் சரி என்று வீட்டுக்கு வந்து சொன்னால், மச்சான் குசினிக் கதிரையில் சாய்ந்துகொண்டு ஆறுதலாகச் சொல்கிறார், "நல்லது. ஆனா சுடுறது நீதான்."

"நானோ?"

"மனிசி வயித்தோட இருக்கிறா. நான் உயிர்க்கொலை செய்யப்படாது. தெரியாதே உனக்கு?"

தெரியும். கர்ப்பிணியின் புருஷன் பாம்பைக்கூட அடிக்க மாட்டான், எங்கள் ஆட்களுக்குள் அது எல்லோரும் பார்க்கிற விஷயம். ஆனால் அது, ஃபோர்மனிடம் என்னைக் கேட்க வைப்பதற்கு முதலே அவருக்கும் தெரிந்திருக்கும் அல்லவா?

"நான் காகத்துக்குக் கல்லெறிஞ்சும் படாதவன் மச்சான்."

"நான் பக்கத்தில இருந்து சொல்லித் தாறன். நீ விரலை மட்டும் அமத்து."

சனிக்கிழமை விடியப் புறப்பட்டு, அக்காவுக்காக நாலு இடத்தில் காரை நிற்பாட்டி, பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பண்ணைக்காரர் நெடிய மனிதர், அதிகம் பேசாதவர். தேநீர் தந்துவிட்டு மேசையில் கையை வைத்து எனக்கு மூன்று சட்டம் சொன்னார். ஒன்று, துவக்கு என் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது. இரண்டு, பெண் மான் எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். அவைதான் பெருகி, மாட்டுக்கு இருக்கிற புல்லையெல்லாம் தின்கின்றன. மூன்று, இளம் கலைமானைத் தொடக் கூடாது. இந்த மான்களுக்குக் கொம்பு முதலில் குச்சியாக வரும், பிறகு வருடா வருடம் அகன்று, கடைசியில் விரல் விரித்த கை மாதிரி ஆகும். அப்படி விரிந்த கொம்புக்காகப் பட்டணத்திலிருந்து ஆட்கள் வந்து நல்ல காசு கொடுப்பார்களாம். "கை விரியாததை விட்டுவிடு. அது என்னுடைய அடுத்த சில வருடத்துச் சாப்பாடு" என்று தன் உள்ளங்கையை விரித்தும் மூடியும் காட்டினார்.

செவ்வாய்க்கிழமைக் கடிதம் அந்த உள்ளங்கைக்குள் கிடப்பதுபோல இருந்தது. பிழையான மானைச் சுட்டால் அண்ணன் தம்பிக்குச் சொல்லுவான். தம்பி பேனையை மூடி வைப்பான். அவ்வளவுதான் என் குடும்பம்.

பிறகு வெளியே கூட்டிப்போய்த் துவக்கைக் காட்டினார். பக்கத்தில் ஒரு இரும்புப் பிடி. அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் தோட்டா வெளியே விழும். அதற்குப் பின்னால் ஒரு சின்னப் பூட்டு, அதை இப்படித் தள்ளினால் சுடாது, அப்படித் தள்ளினால் சுடும். நான் ஒன்றுக்கு நாலு தரம் கேட்டேன். தகரத்தை வைத்து இரண்டு வெடி வைத்ததில் ஒன்று பட்டது. மச்சான் இதில் எதையுமே பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாத துவக்கே" என்று சொல்லிவிட்டு நாயின் காலுக்கு என்ன நடந்தது என்று நாயிடமே விசாரித்துக்கொண்டு நின்றார்.

அக்காவைப் பண்ணைக்காரரின் மனைவியோடு குசினியில் விட்டுவிட்டு, பிற்பகல் மூன்று மணிபோல ஒரு சரிவில் விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னால் போய்க் குந்தினோம். எதிரே புல்வெளி, அதற்கு அப்பால் யூக்கலிப்டஸ் காடு. இடது பக்கம் பள்ளத்தில் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் பெரிய தகரத் தாங்கி ஒன்று. வீடு எங்கள் முதுகுக்குப் பின்னால், மேட்டுக்கு அந்தப் பக்கம். வீட்டுப் பக்கம் திரும்பவே கூடாது என்று நான் எனக்கு நானே இருபது தரம் சொல்லிக்கொண்டேன்.

வேட்டைக்காரக் குடும்பம் என்று பெயர், மச்சானால் ஐந்து நிமிடம் சும்மா இருக்க முடியவில்லை. கடதாசிச் சரைக்குள் இருந்து முறுக்கை எடுத்துக் கடித்தார். கடிக்கிற சத்தம் எனக்கு அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும்போல இருந்தது. இந்த நாட்டில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றே விளங்கவில்லை என்று குறைப்பட்டார். இரவில் தலையில் லைற் கட்டிக்கொண்டு போனால் கண் மினுங்கும், ஒரு மணித்தியாலத்தில் அலுவல் முடிந்துவிடும், இந்த வெள்ளைக்காரன் பகலில் கொண்டுவந்து இருத்தியிருக்கிறான் என்றார்.

"கதையாதேங்கோ மச்சான்."

"நான் எங்க கதைக்கிறன்? நீதான் கதைக்கிறாய்."

நாலேகால் மணியிருக்கும். காட்டு விளிம்பில் இரண்டு பெண் மான்கள் வந்தன. நல்ல கொழுத்தவை. உடம்பில் வெளிறிய புள்ளி. குனிந்து மேய்ந்துகொண்டு எங்களைப் பார்த்தே வந்தன. கொம்பில்லை, சந்தேகத்துக்கு இடமில்லை, சட்டத்துக்குச் சரி. இவ்வளவு லேசாக இது முடியப் போகிறதே என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. துவக்கைத் தூக்கினேன். மச்சான் கையை நீட்டிக் குழலைக் கீழே அமத்தினார்.

"பிணையடா!"

"ஓம், பிணைதான். அதைத்தானே அந்தாள் சுடச் சொன்னது."

"அதின்ர வயித்தில குட்டி இருந்தா? அங்க என்ர மனிசி வயித்தோட இருக்கேக்க, பிணையைச் சுட்டு அதை அவளுக்கே காய்ச்சிக் குடுக்கிறதே? உனக்கென்ன விசரே?"

"மச்சான், இது குட்டி போடுற காலமில்லை எண்டு அந்தாள் சொன்னவர்."

"அவர் சொல்லுவார். அவர்ர பிள்ளையே வரப்போகுது?"

எங்கள் சண்டையைக் கேட்டு இரண்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மெதுவாகக் காட்டுக்குள் திரும்பிப் போயின. ஓடக்கூட இல்லை. எங்களைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை என்று அவற்றுக்கும் விளங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தால் உள்ளே எங்கேயோ ஒரு கிழட்டுக் கலைமான் பன்றி உறுமுவதுபோலக் கத்தத் தொடங்கியது. அது அவை சேருகிற காலமாம். காற்றில் மூத்திர நாற்றம் வந்தது.

"அது வந்தாச் சுடலாம்" என்றேன். "அதுக்குக் கொம்பு விரிஞ்சிருக்கும்."

"இந்த நாத்தத்தையே? வாயிலயும் வைக்கேலாது. மனிசி சத்திதான் எடுப்பா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "பிணையைச் சுடப்படாது எண்டு நீங்கள் சொல்லுறியள். இளசைச் சுடப்படாது எண்டு அவர் சொல்லுறார். கிழட்டைச் சுட்டாத் தின்னேலாது. அப்ப நான் எதைச் சுட? அந்த மூண்டுகால் நாயையோ?"

"இளசைத்தான் சுடவேணும். ஊரில நாங்கள் வேற எதைச் சுட்டனாங்கள்? பஞ்சு மாதிரி இருக்கும்."

"அதைத்தான் சுடவேண்டாம் எண்டவர்."

"அவருக்கென்ன, எண்ணியே வைச்சிருக்கிறார்?"

அந்த நேரம்தான் அது வந்தது.

தனியாக வந்தது. வலது பக்கத்துப் பற்றைக்குள்ளிருந்து ஒரு காலை வைத்து, நின்று, மற்றக் காலை வைத்து வந்தது. கழுத்து மெலிவு. தோலில் வெயில் பட்டு மினுங்கியது. எழுபது யார் தூரம் இருக்கும். தகரத்தில் நான் பழகியதும் அவ்வளவு தூரம்தான். தலையைத் திருப்பி எங்கள் மரத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றது. மச்சானின் மூச்சு என் காதில் சுட்டது.

"சுடு."

பூட்டைச் சுடுகிற பக்கம் தள்ளினேன். குழலை மரத்தில் வைத்துப் பார்த்தேன். பிரச்சினை கொம்பில். ஒரு கொம்பை மரக்கிளை மறைத்திருந்தது. மற்றதன் நுனி கொஞ்சம் தட்டையாகத் தெரிந்தது. விரிந்த கை என்று சொல்லவும் முடியாது, வெறும் குச்சி என்று சொல்லவும் முடியாது. பண்ணைக்காரர் தன் கையை விரித்தும் மூடியும் காட்டினாரே தவிர, பாதி விரிந்ததை என்ன செய்வது என்று சொல்லவில்லை. நான் நாலு தரம் துவக்கைப் பற்றிக் கேட்டவன், இதை ஒரு தரம் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய இடத்தில்தான் எப்போதும் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும்.

"சுடடா. என்ன படம் பிடிக்கவே வந்தனீ?"

இறைச்சி கொண்டுபோனால் அக்கா சாப்பிடுவாள். மச்சான் ஒரு மாதத்துக்கு என்னை விட்டுவிடுவார். கொம்பைக் காட்டில் எறிந்துவிட்டுப் பிணை என்று சொல்லலாம் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது. ஆனால் தோலை உரிக்கும்போது பண்ணைக்காரர் பக்கத்தில் நிற்பாரே. தலை எங்கே என்று கேட்பாரே. கேட்காவிட்டாலும் நான் செவ்வாய்க்கிழமை வரை நித்திரை கொள்ள மாட்டேனே. ஒருவேளை இது நாலு வயதுக் கலைமானாக இருந்து, கொம்பு இப்படித்தான் என்றால்? அப்போது சட்டத்துக்குச் சரி. இல்லாவிட்டால்? இல்லாவிட்டால் என் மகள் இன்னும் இரண்டு வருடம் படத்தில்தான் வளருவாள்.

அது ஒரு காதை மட்டும் அசைத்தது.

விரலை எடுத்தேன். இரக்கம் என்று யாராவது நினைத்தால் அது பிழை. அந்த மானின் மேல் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வந்ததுதான் வந்தாய், முழுக் கொம்போடு வந்திருக்கக் கூடாதா, இல்லை குச்சியோடாவது வந்திருக்கக் கூடாதா?

"நான் சுடேல்லை."

"என்ன?"

"கொம்பு வடிவாத் தெரியேல்லை. விடுங்கோ."

மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பொம்பிளை பார்க்கப் போன இடத்தில் பலகாரம் சரியில்லை என்று எழும்பி வந்தவனைப் பார்ப்பதுபோல. பிறகு சத்தமாகவே, "நாலு மணித்தியாலம் கார் ஓடி வந்து, இவர் கொம்பு பாக்கிறார்" என்றார். அந்தச் சத்தத்தில் மான் ஒரு துள்ளுத் துள்ளி, பண்ணை வீட்டுப் பாதைப் பக்கம் பாய்ந்து மறைந்தது.

நான் தோட்டாவை எடுக்கப் போனேன். பூட்டைத் திரும்பத் தள்ள மறந்து, பிடியைத் தூக்காமலே இழுத்தேன். இரும்புப் பிடி அசையவில்லை.

"உனக்கு இதுவும் தெரியாது. தாடா இஞ்சை."

"வேண்டாம் மச்சான், அவர் சொன்னவர்…"

பறித்துவிட்டார். அவருக்குத் தெரிந்த ஊர்த் துவக்குகள் நடுவில் முறித்துத் தோட்டா எடுப்பவை. இதையும் முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தார். முறியவில்லை. விடாமல் இன்னொரு தரம் அமத்தினார். விரல் எங்கே பட்டதோ தெரியாது.

வெடிச் சத்தத்தில் எனக்குச் சில நிமிடம் காது கேட்கவில்லை. கண்ணுக்குத்தான் தெரிந்தது. பள்ளத்தில் இருந்த தகரத் தாங்கியிலிருந்து தண்ணீர் நெளிந்து வளைந்து பாய்ந்துகொண்டிருந்தது. ஒன்றல்ல, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மச்சான் துவக்கைச் சுடுசட்டியை விடுவதுபோல என் மடியில் போட்டார்.

"உயிர் ஒண்டுக்கும் ஒண்டுமில்லைத்தானே?" என்றார். அதுதான் அவருக்குக் கவலை.

பண்ணைக்காரர் வண்டியில் வந்து இறங்கினார். நாயும் இறங்கியது. இரண்டும் தாங்கியைப் பார்த்தன, பிறகு என்னைப் பார்த்தன. யார் சுட்டது என்று கேட்டார். என் கையை விட்டுப் போகக் கூடாத துவக்கு அது. மச்சான் என்று சொன்னாலும் பிழை என்னுடையதுதான். நான் என்று சொன்னால் ஒரு பிழை குறையும். "நான்" என்றேன். "தோட்டாவை எடுக்கும்போது வெடித்துவிட்டது."

"எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?"

"இளம் கலைமான். சுடவில்லை. கொம்பு பாதிதான் விரிந்திருந்தது."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வரும் வழியில் அது தன் வண்டிக்குக் குறுக்கே ஓடியதாம், ஒரு கீறலும் இல்லையாம், இரண்டு வயதுதானாம். "அதை விட்டது சரி" என்றார். பிறகு தாங்கியடிக்கு இறங்கிப் போனார். நான் வெல்டிங்காரன், ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். தகரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார்; துரு உதிர்ந்தது. சூடு காட்டினால் முழுக்கப் பிய்ந்துவிடும். புதிதுதான் போட வேண்டும், நூற்று இருபது டொலர்.

வீட்டுக்குள் போனால் அக்கா மேசையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது கோப்பையாம். போன கிழமை சுட்ட மான் குளிர்ப்பெட்டியில் பாதி கிடந்ததாம். பண்ணைக்காரரின் மனைவி நாங்கள் வெளிக்கிட்ட உடனேயே எடுத்து அவித்துக் கொடுத்துவிட்டாள்.

"நல்லா இருக்கு தம்பி. உறைப்புத்தான் காணாது" என்றாள் அக்கா. "என்ன ரெண்டு பேரும் ஒரு மாதிரி நிக்கிறியள்?"

அது பிணையா கலையா என்று மச்சான் அந்த வீட்டில் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மனிதனே இல்லை.

ஞாயிறும் திங்களும் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஃபோர்மன் என்னை அறைக்குள் கூப்பிட்டார். அண்ணன் எல்லாம் சொல்லியிருந்தார். சம்பளத்தில் கிழமைக்குப் பத்து டொலர் கழிப்பேன், பன்னிரண்டு கிழமை, சம்மதமா என்றார். தலையாட்டினேன். கடிதத்தைப் பற்றிக் கேட்காமலே கதவடிக்குப் போய்விட்டேன். அவரே கூப்பிட்டு, ஏற்கனவே தட்டெழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். "என் அண்ணன் எதையும் இலேசில் நல்லது என்று சொல்ல மாட்டான். இளசை விட்டாய் என்று சொன்னான்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டு, "தாங்கிக் காசு முடியும்வரை நீ எங்கேயும் போக மாட்டாய்தானே, அதனால் நிரந்தரம் என்று எழுதியதும் பொய்யில்லை" என்றார். அந்தத் தாளை நான் மதியம் வரைக்கும் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தேன். வியர்வையில் முத்திரை அழிந்துவிடுமோ என்று பிறகு சாப்பாட்டுப் பெட்டிக்கு மாற்றினேன்.

அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்து இறங்கினார்கள். அக்காவுக்குப் பெண் குழந்தை, சுகமாகப் பிறந்தது. தான் உயிர்க்கொலை செய்யாமல் இருந்தபடியால்தான் என்று மச்சான் இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லுவார்.

தாங்கிக் காசில் பாதி, அறுபது டொலர், தன் பங்கு என்று அன்று காரில் வரும்போது அவரேதான் சொன்னார். முதல் மாதம் பத்துத் தந்தார். பிறகு ஒருநாள் கடையில் சாமான் வாங்கின மிச்சம் என்று ஏழரை தந்தார். அதன் பிறகு கேட்டால் பதில் இதுதான்: "நீதானே சுட்டனான் எண்டு அந்தாளிட்டச் சொன்னனீ. பிறகு நான் ஏன் காசு தர?"

என் மனைவியிடம் முறையிட்டுப் பார்த்தேன். "எங்கட அண்ணை அந்த நேரம் துவக்கே தொடமாட்டாரே. நீங்கள்தானே சுட்டது" என்கிறாள்.

இன்னும் வர வேண்டியது நாற்பத்திரண்டு டொலர் ஐம்பது சதம்.